பதினேழாம் எண் பேனாவுக்கு நாலு மார்க்

ஷாஜிங், ஷென்ஜென்
11 ஜூன் 2025

வெய் இன்ஜினியருக்கு,

பெங் சூலிங் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. போனில் என்னைத் தடுத்துவைத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. தபால்காரனை உன்னால் தடுக்க முடியாதே, அதனால்தான் காகிதம். உன் ஸ்கூட்டர் கடை முகவரியை உன் தங்கையிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கினேன். அவளைத் திட்டாதே, பாவம்.

வேலை விஷயம்தான். ஊதிவிட்டுத் தூக்கியெறியும் மின்சிகரெட்டை விற்கக் கூடாது என்று பிரிட்டனில் இந்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து சட்டம். நம் கம்பெனியில் பாதி ஆர்டர் அந்த ஊருக்குத்தான். முதலாளி ஹோ தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நேற்று என் சோதனை அறைக்கு வந்து, "ஏம்மா சூலிங், அந்தக் காலத்துல எண்ணெய் ஊத்தி ஊத்திப் பிடிக்கிற பேனா சிகரெட்டு எத்தனை செஞ்சோம்! அந்தப் பழைய அலமாரிய ஒரு தடவ கிண்டிப் பாரேன், ஒண்ணாவது தேறாதா?" என்றார்.

கிண்டினேன். தள்ளுபடியான சாம்பிள் எல்லாம் உறையில் போட்டு அப்படியே இருக்கின்றன. பின்வரிசையில் உன்னுடைய பதினேழாம் எண் பேனா கிடைத்தது. எஃகு உடம்பில் ஒரு பொட்டுத் துரு இல்லை. கீழே காற்று வளையத்தைத் திருகினால் இன்னும் அதே 'டிக், டிக்'. ஆனால் பேட்டரி செத்துவிட்டது, உள்ளே பஞ்சு மஞ்சளாகிவிட்டது. கம்பிச்சுருளைத் திரும்பச் சுற்றிப் பார்க்க வேண்டும். உன் வரைபடத்தில் அந்த மூலையைக் கரப்பான் தின்றிருக்கிறது.

இரண்டே கேள்வி. கம்பிச்சுருள் எத்தனை சுற்று? என்ன பஞ்சு போட்டாய்?

பதில் போடுவாயா?

சூலிங்


யிஜோ, குவாங்ஷி
19 ஜூன் 2025

பெங் அவர்களுக்கு,

ஒன்பது சுற்று. மருந்துக்கடைப் பஞ்சு.

தோற்றுப்போன சாமானை எதற்குத் தோண்டுகிறீர்கள் என்று புரியவில்லை. ருசிக் கட்டத்தில் பத்துக்கு நாலு மார்க் போட்டது நீங்கள். எந்தக் கட்டத்திலும் ஐந்துக்குக் கீழே விழுந்தால் தள்ளுபடி என்று விதி செய்ததும் நீங்கள். நாலு என்றால் சாவு என்று காதில் விழும் என்பதால் அந்த எண்ணை எங்கள் பக்கம் வண்டி நம்பரில்கூட வாங்கமாட்டார்கள். நீங்கள் என் வேலைக்குப் போட்டீர்கள், நானும் வாங்கிக்கொண்டு ரயிலேறினேன். அந்தக் கணக்கு அத்தோடு முடிந்தது.

இங்கே ஸ்கூட்டர் பழுது பார்க்கிறேன். ஓடுகிறதா, ஓடவில்லையா, இரண்டே மார்க். நிம்மதியாக இருக்கிறேன்.

பஞ்சை வெந்நீரில் கொதிக்கவைத்து, நிழலில் உலர்த்திவிட்டுப் போடவும். மருந்து நெடியோடு அப்படியே திணித்துவிட்டு என்மேல் பழி போட வேண்டாம்.

வெய் ரன்மிங்


ஷாஜிங்
24 ஜூன் 2025

ரன்மிங்,

"பெங் அவர்களுக்கு"! நன்றாக இருக்கிறது. அப்போது கம்பெனி இருந்த சிப்பிக் கடை மாடியில் ஒரே மேஜையில் உட்கார்ந்து நாலு வருடம் கஞ்சி குடித்தவள் நான். போகட்டும், கோபத்தில் இருக்கிறாய்.

அந்த மாடியை இடித்துவிட்டார்கள், தெரியுமா? இப்போது அந்த இடத்தில் பதினாறு மாடி. நான் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் மூக்கு தானாகச் சிப்பி வாடையைத் தேடும். காலை எட்டு மணிக்குக் கீழே சிப்பிக் கூடை வந்து இறங்கிவிட்டால் ருசி பார்க்கும் வேலை அத்தோடு காலி. அதனால் ஆறு மணிக்கே வந்துவிடுவோம். நீ கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு கம்பி சுற்றுவாய், நான் வெறும் கஞ்சியில் வாய் கொப்பளித்துவிட்டுக் காத்திருப்பேன். மிளகாய் கூடாது, பூண்டு கூடாது, புதினாப் பற்பசை கூடாது. மிளகாயிலேயே வளர்ந்த ஹூனான்காரி மிளகாய் இல்லாமல் ஆறு நாள்! நீ வேண்டுமென்றே எனக்கு எதிரில் உட்கார்ந்து மிளகாய் ஊறுகாயை நூடுல்ஸில் கொட்டிப் பிசைவாய். "அக்கா, ஒரு வாய் வேணுமா? ஐயோ, உன் நாக்கு கம்பெனி சொத்தாச்சே, மறந்துட்டேன்!" பாவி.

புயல் வந்த வருடம் கூரை ஒழுகியபோது அறுபது பேனாவையும் அரிசிப் பானைக்குள் புதைத்துவைத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அப்புறம் ஒரு வாரம் சோற்றில் ஸ்ட்ராபெரி வாடை. முதலாளி ஹோ இரண்டு கிண்ணம் தின்றுவிட்டு, "இதென்ன புது அரிசியா, நல்லாருக்கே?" என்று கேட்டார். நீ சிரித்துச் சிரித்து ஏணியில் இருந்து விழுந்தாய்.

சரி, வேலை. பஞ்சைக் கொதிக்கவைத்தேன். ஒன்பது சுற்றும் சுற்றினேன், கை நடுங்குகிறது, மூன்றாவது தடவைதான் ஒழுங்காக வந்தது. எண்ணெய் ஊற்றி ஒரு இழுப்பு இழுத்தேன். தொண்டையைக் கருக்கிவிட்டது. அரை மணி நேரம் இருமினேன். எங்கே தப்பு?

சூலிங்


யிஜோ
2 ஜூலை 2025

பெங் அக்காவுக்கு,

ஊற்றின உடனே இழுத்தாயா? சோதனை அறைக்குத் தலைவி வேறு! இப்போது வருகிற தூக்கியெறியும் குப்பைகளில் எல்லாம் தயாராக ஊறிக் கிடக்கிறது, உறையைப் பிரித்ததும் வாயில் வைத்துப் பழகிவிட்டீர்கள். பதினேழுக்குள் இருப்பது பஞ்சு. ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் நிமிர்த்திவைக்க வேண்டும். காற்றுத் துளையை விரலால் பொத்திக்கொண்டு, பட்டனை அமுக்காமல் வெறுமனே மூன்று இழுப்பு இழுக்க வேண்டும். அப்புறம்தான் பட்டன். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீ.

கருகின பஞ்சை எடுத்து எறி. புதிதாகப் போடு. ரொம்ப அடைக்காதே, சுருளுக்குள் இழுத்தால் லேசாகச் சிணுங்கிக்கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான். கை நடுங்கினால் முழங்கையை மேஜையில் ஊன்று.

இன்னொன்று. இழுக்கும்போது உள்ளே மெல்லிசாகக் களகளவென்று ஒரு சத்தம் வரும். அதைக் குறை என்று எழுதிவிடாதே. மற்ற பேனாவில் அது ஒழுகலுக்கு அடையாளம், இதில் நான் வேண்டுமென்று வைத்தது. அப்பாவுக்காக. அவர் வாழ்நாள் முழுக்க மூங்கில் தண்ணீர்க்குழாயில்தான் புகையிலை பிடித்தார். இடுப்பு உயரக் குழாய், முழு வாயையும் அதில் பதித்து நெஞ்சு நிறைய இழுப்பார். அந்தக் களகளச் சத்தம் கேட்காவிட்டால் அவருக்குப் புகை பிடித்த மாதிரியே இருக்காது. ஊருக்குப் போனபோது நம் பழைய பேனா ஒன்றைக் கொடுத்தேன். ரெண்டு இழுப்பு இழுத்துவிட்டு, "ஏன்டா, இது என்ன பால் புட்டியா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காற்று வளையத்தை வைத்தேன். பதினாறு பேனாவைக் கெடுத்துப் பதினேழாவதில் அந்த இழுவை வந்தது. டாக்டர் அவரிடம், "குழாய விடுங்க பெரியவரே" என்று அப்போதே சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பா 2019-இல் போய்விட்டார்.

எதற்கு இவ்வளவு எழுதினேன் என்று தெரியவில்லை. கடையில் மூன்று வண்டி காத்திருக்கிறது.

ரன்மிங்


ஷாஜிங்
10 ஜூலை 2025

ரன்மிங் தம்பிக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். ஐந்து நாள் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

கையில் கனம் சரியாக இருக்கிறது, சட்டைப்பையில் குத்தவில்லை. பட்டன் கட்டைவிரலுக்குத் தானாக வந்து நிற்கிறது, பார்க்காமல் அமுக்கலாம். மேஜை உயரத்தில் இருந்து ஐந்து தடவை கீழே போட்டேன், கீறல் மட்டும்தான். ஒரு நாள் முழுக்கப் படுக்கவைத்தேன், ஒரு சொட்டு ஒழுகவில்லை. வாய் வைக்கும் இடம் மட்டும் எட்டாவது இழுப்புக்குமேல் சுடுகிறது. வளையத்தை முழுக்கத் திறந்தால் காற்று தாராளமாக வருகிறது, நெஞ்சு வரைக்கும் போகிறது. அந்தக் களகளச் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

அப்புறம் ருசி. நம் பழைய சோதனை எண்ணெயையே கலந்தேன், புகையிலையும் ஒரு துளி தேனும். ரன்மிங், புகையிலை முதலில் வந்து நாக்கில் உட்காருகிறது. தேன் உடனே வரவில்லை. மூச்சை விடும்போது பின்னாலிருந்து வருகிறது. முப்பதாவது இழுப்பிலும் அப்படியே வந்தது. இந்தக் கம்பெனியில் நான் பதினாறு வருடமாக வாயில் வைத்ததில் இதைப்போல ஒன்றும் இல்லை.

ஆனால் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இதே பேனாவுக்கு நான் நாலு போட்டேன். ஏன் என்று சொல்லத்தான் முதல் கடிதத்தில் இருந்து முண்டிக்கொண்டிருக்கிறேன், வாய் வரவில்லை.

அந்த வாரம் மாம்பழ ஆர்டர். ஐந்து நாளில் நாற்பது விதமான மாம்பழ எண்ணெயை என்னை இழுக்கவைத்தார்கள். சனிக்கிழமை காலையில் கஞ்சி குடித்தேன், ஒன்றும் தெரியவில்லை. உப்பைக் கிள்ளிப் போட்டேன், தெரியவில்லை. நாக்கு செத்துவிட்டது. எங்கள் வேலையில் இது வரும், ஒரு வாரத்தில் போய்விடும், எல்லாருக்கும் தெரியும். ஆனால் எனக்கு முன்னால் இருந்த டிங் அக்கா நாக்கு செத்தது என்று சொன்னதும் பேக்கிங் கூடத்துக்குத் தள்ளினார்களே. எனக்கோ 'தங்க நாக்கு' என்று பேர் வேறு. பயம். பயத்துக்கு மேல் திமிர். சொல்லாமல் உட்கார்ந்தேன்.

அன்றைக்குப் பத்துப் பேனா. ஒன்பது ஏற்கெனவே ஓடுகிற சரக்கு, அதற்கெல்லாம் ஞாபகத்தில் இருந்த மார்க்கையே போட்டேன். உன் பதினேழு மட்டும் புதுசு. அதற்கு என்னிடம் ஞாபகம் இல்லை. அதனால் அதை மட்டும் நாக்கு சொன்னபடி எழுதினேன். ஈரக் காகிதம் மாதிரி இருந்தது. நாலு. அந்தப் பக்கத்திலேயே நான் பொய் சொல்லாத ஒரே மார்க் உன்னுடையதுதான், அதுதான் தப்பு.

அடுத்த வாரம் நாக்கு திரும்பியது. உன் அறைக்கு ஓடினேன், பூட்டிக் கிடந்தது. பேனாவைத் திரும்ப இழுத்துப் பார்க்கலாம் என்று கையில் எடுத்தேன். நன்றாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று கை வரவில்லை. உறையில் போட்டுப் பின்வரிசைக்குத் தள்ளினவள் நானேதான். "கிடைத்தது" என்று உனக்கு எழுதினது பொய். அது எங்கே இருக்கிறது என்று எனக்கு ஒவ்வொரு நாளும் தெரியும்.

என்னை மன்னி என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. தெரிந்துகொள் என்று மட்டும் எழுதுகிறேன்.

சூலிங்


யிஜோ
29 ஜூலை 2025

பெங் சூலிங்,

பதினைந்து நாள் உன் கடிதத்தைக் கல்லாப்பெட்டிக்குள் போட்டுவைத்திருந்தேன். எழுதினால் அசிங்கமாக வந்துவிடும் என்று பயந்தேன். இப்போதும் அசிங்கமாகத்தான் வரப்போகிறது.

அந்த நாலை வேறு யாராவது போட்டிருந்தால், "போடா, உனக்கு என்னடா தெரியும்?" என்று முகத்தில் விட்டெறிந்துவிட்டுப் பதினெட்டாவது பேனாவைச் செய்திருப்பேன். நீ போட்டதால் நம்பினேன். புரிகிறதா உனக்கு? உன் நாக்கு சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். என் கையில்தான் சரக்கு இல்லை என்று முடிவுகட்டிக்கொண்டு ரயிலேறினேன். பன்னிரண்டு வருடம் ஒரு சுருள் சுற்றவில்லை. ஸ்கூட்டரில் பிரேக் கம்பி மாற்றும்போதுகூட, "உனக்கு இது போதும்டா" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என் கைப்பையில் இன்னொரு பதினேழு இருந்தது. அப்பாவுக்கென்று செய்தது. ஊருக்கு வந்ததும் அவர் கேட்டார், "எங்கடா, எனக்கு ஏதோ செய்றேன்னியே?" நான், "அது சரியா வரலப்பா" என்றேன். பெங் அக்கா நாக்குக்கே பிடிக்காததை அப்பா வாயில் எப்படி வைப்பது என்று வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குளத்தில் எறிந்துவிட்டேன். அவர் குழாயையே பிடித்தார். கடைசி இரண்டு வருடம் இருமின இருமல் இன்னும் என் காதில் இருக்கிறது. உன்னால் செத்தார் என்று சொல்லவில்லை, எழுபத்தொன்பது வயது. பேனாவைப் பிடித்திருந்தால் பிழைத்திருப்பார் என்றும் சொல்லவில்லை, அது மருந்தில்லை. ஆனால் ஒரு தடவையாவது இழுத்துப் பார்த்திருப்பார். என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரிந்திருக்கும். அதை எடுத்துக்கொண்டாய்.

உன்னை நினைத்தால் வயிறு எரிகிறது. இதற்கு மேல் எழுதாதே.

வெய் ரன்மிங்


ஷாஜிங்
8 ஆகஸ்ட் 2025

ரன்மிங்,

எழுதாதே என்றாய். இது ஒன்று மட்டும். கூடவே ஒரு பக்கத்தின் நகல் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு என்ன வேண்டுமானாலும் செய்.

2013 பதிவேட்டை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை கூட்டத்துக்குப் போனேன். நம் பதிவேட்டில் அழிக்கக் கூடாது என்பது உனக்கே தெரியும். தப்பை ஒரே கோடாக அடித்து, அடியில் இருப்பது தெரிய வேண்டும், பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் அன்றைய தேதியும் போட வேண்டும். எல்லார் முன்னாலும் அந்த நாலை அடித்தேன். 'ருசி 9' என்று எழுதினேன். 4 ஆகஸ்ட் 2025, பெங் சூலிங்.

முதலாளி ஹோவுக்கு ஒன்றும் புரியவில்லை. "பன்னெண்டு வருஷத்துக்கு முந்தின மார்க்க இப்ப எதுக்கும்மா நோண்டுற? நல்லாருக்குன்னா செஞ்சிட்டுப் போவோம், அவ்ளோதானே?" என்றார். அவ்வளவு இல்லை என்று நாக்கு செத்த கதை முழுக்கச் சொன்னேன். மற்ற ஒன்பது மார்க்கும் ஞாபகத்தில் போட்டது என்பதையும் சொன்னேன். டிங் அக்காவின் மகள் இப்போது நம் தரப்பிரிவில் இருக்கிறாள், அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமையில் இருந்து நான் பேக்கிங் கூடத்தில் இருக்கிறேன். பெட்டி மடிக்கிறேன். யாரும் கொடுமை செய்யவில்லை, நியாயம்தான். எந்த இடத்துக்குப் பயந்து பன்னிரண்டு வருடம் ஒளிந்திருந்தேனோ அங்கே நானே நடந்து வந்துவிட்டேன், பார்த்தால் நாலு மேஜையும் ஒரு மின்விசிறியும்தான்.

பதினேழை உற்பத்திக்கு எடுக்கலாமா என்று உன்னைக் கேட்கச் சொன்னார் முதலாளி. நான் கேட்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அது உன் அப்பாவுக்குச் செய்தது. அவர் என்ன சொல்லியிருப்பார் என்ற கேள்விக்கு நான் பதில் தர முடியாது. உன் கைக்கு ஒரு குறையும் இல்லை என்று மட்டும் என்னால் எழுத முடியும், எழுதிவிட்டேன், அது இனி பதிவேட்டில் இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சூலிங்


யிஜோ
17 ஆகஸ்ட் 2025

அக்கா,

கோபம் தீரவில்லை. தீரும் என்று வாக்கும் தரமாட்டேன். டிங் அக்கா மகளிடம் நீ தனியாகப் போய்ப் பேச வேண்டும், அதையும் சொல்லிவைக்கிறேன்.

அந்த நகலைக் கடைச்சுவரில் ஒட்டியிருக்கிறேன். பிரேக் மாற்ற வருகிறவன் எல்லாம், "என்னண்ணே, பரீட்சை எழுதினியா?" என்று கேட்கிறான். ஆமாம், 2013-இல் எழுதினேன், போன வாரம்தான் ரிசல்ட் வந்தது என்கிறேன்.

நேற்றுக் கடையைச் சாத்திவிட்டுக் கம்பியும் பஞ்சும் வாங்கிவந்து உட்கார்ந்தேன். விரல் தடித்துப்போய்விட்டது, கண்ணும் சரியில்லை, ஆறு சுருள் வீண். ஏழாவது பரவாயில்லை. அதற்கப்புறம் சுவரைப் பார்த்தேன், ஒரு விஷயம் மண்டைக்குள் புகுந்துகொண்டு விடமாட்டேன் என்கிறது.

அது என்ன ஒன்பது?

தேன் கடைசியில் வருகிறது, முப்பதாவது இழுப்பிலும் மாறவில்லை, பதினாறு வருடத்தில் இதுபோல ஒன்றும் இல்லை என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, ஒரு மார்க்கைக் கையில் பிடித்துவைத்துக்கொண்டாயே, எங்கே போயிற்று அது? சமாதானத்துக்காகப் போட்டிருந்தால் பத்து போட்டிருப்பாய், எனக்கு உன்னைத் தெரியும். அப்படியென்றால் நிஜமாகவே எங்கேயோ இடிக்கிறது. வாய் சுடுகிறதே, அதனாலா? புகையிலை கொஞ்சம் முந்திக்கொள்கிறதா? பஞ்சா, கம்பியா?

மழுப்பாமல் எழுது. நீ சொன்னால்தானே நான் திருத்த முடியும்.

ரன்மிங்